கவரில் முகவரி அச்சிட: கேள்வி பதில்

சந்தா இதழ்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் கணினியில் முகவரி அமைத்து நேரடியாகக் கவரிலேயே அச்சிடுவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிற்றிதழ் நடத்தும் வாசகர்: ஐயா, நீளக் கவருக்கு லிப்ரே ஆபிஸின் ஆவணம் எழுதும் செயலியான ரைட்டரில் பக்கம் அமைத்தேன். திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. அச்சில் மட்டும் முகவரி எங்கோ தள்ளிப்போய்ப் பாதி வெட்டுப்படுகிறது. ஏன்?

கவரின் அளவை மூன்று இடங்களில் சொல்ல வேண்டும்: ஆவணத்தின் பக்க அமைப்பு, அச்சிடும்போது திறக்கும் பெட்டி, பிரிண்டரின் தட்டு அமைப்பு. பெரும்பாலானவர்கள் முதல் இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். பிரிண்டர் இன்னும் ஏ4 தாள் வருவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கேற்ப முகவரியை இடம் மாற்றிவிடும். உங்களிடம் இருப்பது டிஎல் எனப்படும் நீளக் கவர் என்றால் 220 × 110 மில்லிமீட்டர். ஆனாலும் அளவுகோலை வைத்து அளந்துவிடுங்கள். கடையில் ஒரே பெயரில் விற்கும் கவர்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை.

பிடிஎஃப் ஆக்கி அச்சிடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'ஃபிட்' என்ற தேர்வை எடுத்துவிட்டு, 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 விழுக்காடு என்று வையுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் மில்லிமீட்டர் கணக்கில் வைத்த ஓரங்கள் எல்லாம் வீண்.

கவர் பொதுவாகக் குறுகிய பக்கம் முன்னால் போகும்படிதான் பிரிண்டருக்குள் நுழையும். எந்த முகம் மேலே, எந்தப் பக்கம் தலை என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். சாதாரணத் தாளைக் கவர் அளவுக்கு வெட்டி, ஒரு முகத்தில் அம்புக்குறி போட்டு அனுப்பிப் பாருங்கள். விடை உடனே தெரிந்துவிடும். ரைட்டரில் 'இன்சர்ட்' பட்டியலில் உள்ள 'என்வலப்' பெட்டியில் பிரிண்டர் என்றொரு பகுதி இருக்கிறது. கவரைத் தட்டில் எப்படி வைக்கிறீர்கள் என்பதை அங்கே சொல்லலாம். அச்சு சில மில்லிமீட்டர் விலகினால் வலப்பக்கமோ கீழேயோ நகர்த்தவும் அங்கேயே வசதி உண்டு.

கல்லூரி ஆசிரியர்: கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளில் செய்ய முடியுமா? தமிழ் வருமா?

தாராளமாக. லேடெக்கின் வகைகளில் பிடிஎஃப்லேடெக்கை விட்டுவிட்டு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் பயன்படுத்துங்கள். 'ஃபாண்ட்ஸ்பெக்' என்ற துணைத் தொகுப்பில் எழுத்துருவைச் சொல்லும்போது எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிட வேண்டும். லுவாலேடெக் என்றால் எழுத்துகளைச் சரியாகக் கோத்துத்தரும் ஹார்ஃப்பஸ் நிரல் வழியாக எழுத்தமைக்கும்படியும் சொல்ல வேண்டும். கவரின் அகலம், உயரம், ஓரங்களை 'ஜியாமெட்ரி' தொகுப்பில் கொடுத்தால் போதும். 'டேட்டாடூல்' தொகுப்பு உங்கள் முகவரிப் பட்டியலை வரிவரியாகப் படித்து, ஆளுக்கு ஒரு பக்கம் ஆக்கித்தரும்.

கவருக்கென்றே 'என்வ்லேப்' என்ற பழைய தொகுப்பு உண்டு. அது அமெரிக்க அஞ்சல் விதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்நாட்டின் பழைய அஞ்சல் பட்டைக்குறியையும் அச்சிட வல்லது. நம் ஊர்க் கடிதங்களுக்கு அந்தப் பட்டை வேண்டாம். ஜியாமெட்ரியோடு பத்து வரியில் நீங்களே எழுதிக்கொள்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அச்சக வடிவமைப்பாளர்: பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். அதைப் போன்ற இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே தொல்லை வந்தால் 1.4 வரிசையை விட்டு 1.5.3க்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள்.

வாசகர் வட்டப் பொறுப்பாளர்: எங்கள் சந்தாதாரர் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. அதைச் சிஎஸ்வி (காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கினால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வருகின்றன. இலங்கை முகவரிகளின் அஞ்சல் குறியீடும் பிழையாகிறது.

உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இந்தப் பட்டியல்தான். அச்சமைப்பு ஒரு நாள் வேலை. பட்டியல் வருடக்கணக்கில் கூட வரும்.

சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கேள்விக்குறிகள் மறைந்துவிடும். பழைய பட்டியலில் சில பெயர்கள் பாமினி போன்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருக்கலாம். எழுத்துருவை மாற்றியதும் அவை ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு யுனிகோடு ஆக்கிய பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள். பாதி அப்படி, பாதி இப்படி என்று ஒரு பட்டியலை வைத்திருக்கவே கூடாது.

இலங்கைக் குறியீட்டில் நடப்பது வேறு. கொழும்பு 1இன் குறியீடு 00100. எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கி 100 என்று ஆக்கிவிடுகிறது. எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றிவிடுங்கள்.

பெயர், கதவு எண்ணும் தெருவும், ஊர், மாவட்டம், பின்கோடு எல்லாம் தனித்தனி நெடுவரிசையில் இருக்கட்டும். முன்னெழுத்தையும் தனியாக வைத்தால் அகரவரிசைப்படுத்தும்போது கைகொடுக்கும். 'திரு.', 'அவர்கள்' போன்ற மரியாதைச் சொற்களைப் பட்டியலில் போடாதீர்கள். அவை கவரின் அமைப்பிலேயே இருக்கட்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதில் வேறுபாடு இருந்தால் மட்டும் அதற்கொரு நெடுவரிசை போடுங்கள்.

அதே பொறுப்பாளர்: முகவரியை எங்கே வைப்பது? எழுத்து என்ன அளவில்?

உலக அஞ்சல் ஒன்றியம் சொல்லும் அளவை நான் பின்பற்றுகிறேன்: மேல் விளிம்பிலிருந்து 40 மில்லிமீட்டர், வலப்பக்கமும் கீழும் 15 மில்லிமீட்டர் விட்டு முகவரி அமைய வேண்டும். அப்போது அஞ்சல்தலைக்கும் முத்திரைக்கும் இடம் கிடைக்கும். எழுத்து 13 அல்லது 14 புள்ளி (பாயிண்ட்). வரி இடைவெளியைத் தாராளமாக, 19 அல்லது 20 புள்ளியாக வையுங்கள். தமிழில் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் நெருக்கிப் போட்டால் ஒன்றோடொன்று உரசும்.

பின்கோடு இன்னும் சற்றுப் பெரிதாகவும் தடித்தும் இருக்கட்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்தியாவில் நடப்பில் இருக்கும் இந்த ஆறு இலக்கங்களில் முதல் மூன்று கடிதம் எந்தப் பகுதிக்குப் பிரிக்கப்பட வேண்டும் என்பதையும், கடைசி மூன்று எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் என்பதையும் சொல்கின்றன. தமிழ் படிக்காத ஊழியரின் கையிலும் கடிதம் சரியான பையில் விழுவதற்கு இதுதான் துணை.

ஜெராக்ஸ் கடைக்காரர்: லேசர் பிரிண்டரில் கவர் சுருங்கி வருகிறது, சில ஒட்டிக்கொள்கின்றன.

லேசர் பிரிண்டரின் சூட்டு உருளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேலை செய்கிறது. ஈரம் பட்ட கவரின் பசை அங்கே இளகும். மழைக்காலத்தில் கவர்க்கட்டைப் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள கவரையும், பட்டையை உரித்து ஒட்டும் கவரையும் லேசரில் விடவே விடாதீர்கள். பின்பக்கக் கதவு இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். கவர் வளையாமல் நேராக வெளியேறும். தாள் வகையில் 'என்வலப்' என்று மாற்றவும் மறக்க வேண்டாம்.

மகளின் திருமண வேலையில் இருக்கும் அம்மா: பத்திரிகைக் கவர் பளபளப்பாக இருக்கிறது. மஞ்சள் தடவிய பிறகு அச்சிடலாமா?

வேண்டாம் அம்மா. அச்சிட்ட பிறகு மஞ்சள் தடவுங்கள். ஈர மஞ்சளோடு கவர் உள்ளே போனால் உருளைகள் பாழாகும். பளபளப்பான கவரில் இங்க்ஜெட் மை காயாமல் இழுபடும். அதனால் ஏ4 தாளில் 24 வரும் ஒட்டுச்சீட்டுகளில் முகவரிகளை அச்சிட்டு ஒட்டிவிடுங்கள். நேரில் போய்க் கொடுக்கும் பத்திரிகைகளுக்கு மட்டும் பெயரைக் கையால் எழுதுங்கள். உறவுக்கு அதுதான் அழகு.

மலேசியாவுக்கு இதழ் அனுப்புபவர்: முகவரியைத் தமிழிலேயே போடலாமா?

பெயரைத் தமிழிலும் போடலாம். ஊர், குறியீடு, நாடு மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக நிற்கட்டும். மலேசியாவில் ஐந்து இலக்கக் குறியீடு ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும், சிங்கப்பூரில் ஆறு இலக்கமும் பின்னால் வரும். ஆகவே வெளிநாட்டுக்குத் தனி அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.