கொக்கும் வயலெலியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். மூதுரையில் 'உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு' என்று படித்துவிட்டு, கொக்கு பொறுமைசாலி, எலி பேராசைக்காரன் என்று நோட்டில் எழுதியிருக்கிறான். எலிக்கு ஆதாரமாகப் புறநானூற்றுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இந்த ஒப்பீடு சரிதானா?

கே., மன்னார்குடி

அன்புள்ள கே.,

கொக்கைப் பற்றி அவன் எழுதியது சரி. எலிக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது.

நீங்கள் சொல்வது சோழன் நல்லுருத்திரன் பாடிய 190-ஆம் பாட்டு. 'விளைபதச் சீறிடம் நோக்கி, வளைகதிர் வல்சி கொண்டு, அளை மல்க வைக்கும் எலி.' அதாவது, விளைந்த பதம் பார்த்துச் சிறு இடத்திலிருந்து வளைந்த கதிரை உணவாகக் கொண்டுபோய், வளை நிறைய வைக்கும் எலி. அவர் வைவது செல்வத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மனிதர்களை. எலி வெறும் உவமை. அதிலும் 'விளைபதம் நோக்கி' என்கிறார் பாருங்கள். எவ்வளவு கூர்மையான கண்! எலி இளம்பயிரையும் கடித்துப் போடும்தான். ஆனால் வளைக்குள் சேர்ப்பது பதம் பார்த்து, முற்றிய கதிரைத்தான். கொக்கு உறுமீனைப் பார்த்து நிற்பதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

சரி, சேமிப்பு? உங்கள் பக்கத்து வயல்களில் நிற்கும் மடையான் என்ற கொக்கு தின்பது மீன், தவளை, பூச்சி. சேர்த்து வைத்தால் மறுநாளே நாறிவிடும். வயலில் தண்ணீர் வடிந்தால் அது வாய்க்காலுக்கோ குளத்துக்கோ பறந்துவிடும். வயலெலிக்கு அந்த வரப்புதான் ஊர். அறுவடை மெஷின் வந்துபோனால் ஒரே நாளில் சாப்பாடு காலி. காய்ந்த நெல் கெடாது, அதனால் சேர்க்கிறது. 'எலி வளையானாலும் தனி வளை' என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரு வளைக்கு வளர்ந்த எலி ஒன்றுதான். தாயாக இருந்தால் கூடக் குட்டிகள். பஞ்சம் வந்தால் கைகொடுக்க வேறு எலி கிடையாது.

இருளர்கள் வளையைத் தோண்டும்போது கிலோக்கணக்கில் நெல் வருவதுண்டு. அது விவசாயி பாடுபட்டு விளைவித்த நெல். எலியைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேராசைக்காரன் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கதிர் முற்றியதும் ஒரு காலை அவனை வரப்புக்குக் கூட்டிப் போங்கள். வளை வாயில் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது. மடையான் மண்நிறத்தில் அசையாமல் நிற்கும், கண்ணில் படாது. பக்கத்தில் போனதும் எழும்பும். அப்போதுதான் அந்த வெள்ளைச் சிறகு தெரியும்.