இரண்டு முறை பயிற்சி கொடுத்தும் பீட்டிலிருந்து உருப்படியான தகவல் வரவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு புலிகள் காப்பகத்தில் வனச்சரகராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் வனக்காப்பாளர்களுக்கும் ரோந்து நடையைப் பதிவு செய்கிற எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலியிலும், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கிற கேமரா ட்ராப் வைப்பதிலும் இரண்டு முறை பயிற்சி கொடுத்தாயிற்று. ஆனாலும் வருகிற தகவலை நம்ப முடியவில்லை. ஒரு பீட்டில் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் இருக்கிற காட்டுப் பகுதி) மூன்று மாதமாக ஒரே வழித்தடம், இன்னொன்றிலிருந்து எதுவுமே வருவதில்லை. வெளியிலிருந்து ஆள் வரவழைத்து மறுபடி வகுப்பு நடத்தலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

பதில்: இப்போதைக்கு இன்னொரு வகுப்பு வேண்டாம். அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள், கீழே வேறு செலவு சொல்கிறேன்.

இதுவரை வந்த தகவலை என்ன செய்தீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். சரக அலுவலகக் கணினியில் இறக்கி, அங்கிருந்து மேலே அனுப்பியிருப்பீர்கள், அது இன்னும் மேலே போயிருக்கும். முகாமில் இருக்கிற காவலருக்கு அதிலிருந்து ஒரு தாளாவது திரும்பி வந்ததா? பெரும்பாலான இடங்களில் வராது. விடிகாலையில் எழுந்து, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக நடந்து பதிவு செய்கிறவருக்கு அந்தப் பதிவு எங்கே போனதென்றே தெரியாது. மாதம் இத்தனை கிலோமீட்டர் காட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும், அதைக் காட்டிவிடுகிறார். முகாமிலிருந்து ஜீப் பாதையிலேயே போய்த் திரும்பினால் கணக்கு முடிந்தது. உங்கள் மூன்று மாத ஒரே வழித்தடத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், செயலி தெரியாத கோளாறாக இருக்காது.

அதனால் முதல் வேலை இது. மாதக் கடைசியில் ஒவ்வொரு முகாமின் நடைத்தடத்தையும் அந்தப் பீட் வரைபடத்தின் மேல் போட்டு, பெரிய தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து முகாம் சுவரில் ஒட்டுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒரு டீ குடித்துக்கொண்டு கேளுங்கள்: இந்த மேற்கு மூலையில் ஏன் கோடே விழவில்லை? "ஓடையில தண்ணி ஏறிடுச்சு சார்", "ஒத்தை யானை நிக்குது", "அங்க உண்ணிச்செடி மண்டிப் போச்சு, ஆளே நுழைய முடியாது" என்று பதில் வரும். ஒவ்வொன்றும் உங்களுக்கு நிர்வாகத் தகவல்தான். ஓடைக்கு ஒரு கடவு வேண்டும், உண்ணியை வெட்டி ஒரு தடம் போட வேண்டும், யானை நிற்கும் பக்கத்துக்கு இரண்டு பேர் போதாது, நான்கு பேராக அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் அதில் ஒன்றையாவது செய்துவிட்டீர்கள் என்றால், தான் பதிவு செய்ததால் ஒரு காரியம் நடந்தது என்பதை அந்த முகாம் பார்க்கும். எந்த வகுப்பும் அந்த அளவுக்குச் சொல்லிக்கொடுக்காது.

அப்புறம், "ஒன்றும் பார்க்கவில்லை" என்று எழுத பயப்படாத நிலை வேண்டும். ராஜஸ்தானின் சரிஸ்கா நினைவிருக்கும். 2004-இல் அரசுக் கணக்குப்படி அங்கே பதினைந்துக்கு மேல் புலிகள், 2005 தொடக்கத்தில் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு பிரதமர் அமைத்த பணிக்குழு தோண்டியபோதுதான் தெரிந்தது, கீழ்நிலை ஊழியர்கள் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன எண்ணிக்கை பல ஆண்டுகளாகவே சரிந்துகொண்டு வந்திருக்கிறது, மேலே போன கணக்கு மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது. ஊழியர்களுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை, அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. கால்தட அச்சு எடுத்து எண்ணும் பழைய முறையைக் கைவிட்டு, 2006 முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை இப்போதைய முறையில் கணக்கெடுக்க ஆரம்பித்ததற்கு சரிஸ்கா ஒரு முக்கியக் காரணம். ஆனால் முறை மாறினாலும் மனசு மாறாவிட்டால் பழைய கதைதான். தடயமே இல்லாத நாளைப் பதிவு செய்து வருகிற காவலரிடம் "என்னய்யா, சும்மா போயிட்டு வந்தியா" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அடுத்த வாரம் முதல் தடயம் 'கிடைக்க' ஆரம்பித்துவிடும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மண்டபத்திலிருந்து எடுத்துக் காட்டுக்குள் வையுங்கள் என்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு திறன், ஒரு முகாம், அரை நாள். உதாரணத்துக்கு இரை விலங்கு எண்ணும் நேர்கோட்டு நடையை எடுத்துக்கொள்ளலாம். 2 கிலோமீட்டர் கோடு, விடிந்ததும் நடக்க வேண்டும், மான் கூட்டம் தெரிந்தால் எத்தனை, எவ்வளவு தூரம், திசைமானியில் எத்தனை பாகை என்று எழுத வேண்டும். கேட்க எளிது, நம் ஆட்கள் சறுக்குவது தூரத்தில்தான். கூட்டம் முதலில் நின்ற இடத்துக்கு அளக்காமல், ஓடிப்போய் நின்ற இடத்துக்கு அளந்துவிடுவார்கள். கோட்டிலிருந்து 30 பாகை கோணத்தில் 60 மீட்டரில் நின்றது என்றால் கோட்டுக்கும் அதற்கும் செங்குத்துத் தூரம் 30 மீட்டர். அதே கோணத்தில் 90 மீட்டருக்கு ஓடிய பிறகு அளந்தால் 45 ஆகிவிடும். இப்படி எல்லாப் பதிவும் விலகினால் காட்டில் மான் குறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டும், நீங்கள் அதை நம்பி அறிக்கை எழுதுவீர்கள். இதைக் கரும்பலகையில் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஐந்தாறு சாக்குப் பைகளை வெவ்வேறு தூரத்தில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொருவரையும் முதலில் கண்மதிப்பில் சொல்லச் சொல்லி, பிறகு ரேஞ்ச் ஃபைண்டரில் அளக்கச் சொல்லுங்கள். சிரிப்பும் கிண்டலுமாக ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். திசைமானியைப் பிடிக்கிற கையில் அரிவாளோ காந்த மூடி போட்ட மொபைல் உறையோ இருந்தால் முள் விலகும், அதையும் அங்கேயே செய்து காட்டுங்கள்.

கேமராவில் தப்பு வேறு மாதிரி. ஆட்கள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கில்லாடிகள், புலி எந்தத் திருப்பத்தில் வரும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். கெடுவது சின்னச் சின்ன விஷயத்தில்: பேட்டரி மாற்றியதும் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடுவதைக் கவனிக்காமல் விடுவது, காலை மாலை நேரம் மாறிப் போவது, எதிரில் இருக்கிற புல்லை வெட்டாமல் விட்டு வெயிலில் அது ஆடுகிற படமாக ஆயிரக்கணக்கில் விழுவது. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல, அதனால்தான் ஜோடியாக வைக்கிறோம். ஆனால் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் இன்னொன்றின் கண்ணில் அடித்துப் படம் வெளுத்துவிடும், கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும். உயரம் முழங்காலளவு. வைத்து முடித்ததும் இட எண், தேதி, கேமரா எண் எழுதிய ஒரு சிலேட்டை முன்னால் காட்டி முதல் படம் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு எந்த மெமரி கார்டு எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2018 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 264 புலிகள், 2022-இல் 306 என்று வந்ததே, அந்த எண்ணெல்லாம் கடைசியில் இந்தச் சிலேட்டில்தான் நிற்கிறது. எடுத்த படத்தில் புலி இருந்தால் அதை முகாமுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிடுவார்கள்.

யாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நீங்கள் மாற்றலாகிப் போய்விடுவீர்கள், வனவரும் வனக்காப்பாளரும் போய்விடுவார்கள். இருளர், சோளகர், காடர், மலசர், காணி என்று அந்தந்த மலை ஊர்களிலிருந்து வருகிற வேட்டைத் தடுப்புக் காவலர்தான் அங்கேயே இருப்பார். செந்நாய் எச்சத்தையும் சிறுத்தை எச்சத்தையும் அவர் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார், செயலியில் தட்டச்சு செய்வதுதான் சிரமம். புதிதாக வந்த இளம் வனக்காப்பாளருக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் ஜோடி போடுங்கள், தடயம் அவர் சொல்ல, பதிவு இவர் செய்ய. ஒரு விதி மட்டும் கறாராக இருக்கட்டும்: முன்னால் நடப்பவர் கையில் மொபைல் இருக்கக் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டே யானைக் காட்டில் முன்னால் நடப்பதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை.

பயிற்சி மனதில் நின்றதா என்று பார்க்கச் சான்றிதழை எண்ணாதீர்கள். எச்சம், கால்தடம், மரக்கீறல் படங்களைக் காட்டி அன்றைக்கு ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அவ்வப்போது ஒரு நடைத்தடத்தை நீங்களோ வேறு முகாம் ஆளோ மறுநாளே திரும்ப நடந்து பார்த்தால் விட்டுப்போனது தெரியும். அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தினீர்கள் என்றால் எல்லாம் பாழ்.

பணம் பற்றி. ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 38-எக்ஸ் பிரிவின்படி ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும், உங்கள் காப்பகத்திலும் இருக்கும். பயிற்சியையும் அதிலிருந்து கேட்கலாம், ஆண்டுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்க்கச் சொல்லி கள இயக்குநருக்கு இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். மிச்சம் பிடித்த வகுப்புப் பணத்தில் நான் முதலில் வாங்குவது முகாமுக்கு ஒரு சோலார் சார்ஜர், நல்ல காலணி, அட்டை ஏறாத காலுறை. இதெல்லாம் பயிற்சியா என்று தணிக்கையில் கேட்பார்கள், அதனால் தலைப்பை யோசித்துப் போடுங்கள். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிற இடத்தில் எந்தப் பயிற்சியும் ஒட்டாது. நன்றாகத் தேறிய ஆள் கூலி அதிகம் தருகிற எஸ்டேட்டுக்குப் போய்விடுவார், நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெளிப் பயிற்சி வேண்டுமென்றால் எல்லோரையும் அனுப்பாமல் ஆளைப் பார்த்து அனுப்புங்கள். வனக்காப்பாளருக்கு ஆனைமலையில் உள்ள அட்டகட்டி மையம் பக்கத்திலேயே காடு இருப்பதால் நல்லது. வைகை அணைப் பயிற்சிக் கல்லூரியும் இருக்கிறது. உங்களுக்கே வேண்டுமென்றால் டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனத்தின் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு. போய்வந்தவர் முகாம் முகாமாகச் சென்று சொல்லிக்கொடுப்பது கட்டாயம் என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கற்றது அவரோடு போகும்.

கடைசியாக அந்த எதுவுமே வராத பீட். அங்கே முதலில் மொபைல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பாதி இடங்களில் திரை உடைந்தோ சார்ஜ் போட வழியில்லாமலோ கிடக்கும், சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் இருப்பார்கள். மொபைல் சரியாக இருந்தால், சிக்னல் இல்லாவிட்டாலும் தடம் பதிவாகும், பிறகு வந்து இறக்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அதுவும் தெரிந்திருந்தால், விஷயம் வேறு. யாரோ அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கலாம், அல்லது போகவே பயமாக இருக்கலாம். அதை ஃபோனில் கேட்காதீர்கள், நேரில் போய் அவர்களோடு ஒருநாள் முகாமில் தங்குங்கள்.