குளிர்காலத்தில் கார் கண்ணாடி வாஷர் உறைந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

டொராண்டோ பக்கம் எனக்கு இது எட்டாவது குளிர்காலம். முதல் வருடம் நான் செய்த தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோடை முழுக்க வாஷர் டேங்கில் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றிவந்தேன். டிசம்பரில் மைனஸ் 40 டிகிரி வரை உறையாது என்று போட்டிருந்த நீல வாஷர் திரவத்தை வாங்கி, இருந்த தண்ணீரின் மேலேயே ஊற்றினேன். ஒருநாள், மைனஸ் 18 டிகிரி, 401 நெடுஞ்சாலையில் முன்னால் போன டிரக் வாரியடித்த, பனி உருகச் சாலையில் போடும் உப்பு கலந்த சேறு கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. வாஷரை அழுத்தினால் ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் போட்டதும் சேறு இன்னும் இழுவி, எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது.

தண்ணீரோடு கலந்ததும் அந்த மைனஸ் 40 கணக்கு செல்லாது. அதைவிட முக்கியம், நாம் டேங்கை மட்டும்தான் பார்க்கிறோம். பானட்டுக்கு அடியில், திரவத்தைப் பீய்ச்சும் நாசில் வரை ஓடும் மெல்லிய ட்யூபில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். டேங்கில் எவ்வளவு நல்ல திரவம் இருந்தாலும் அங்கே ஐஸ் அடைத்துவிட்டால் பயனில்லை.

அதனால் அக்டோபர் கடைசியிலேயே பழையதை அடித்துத் தீர்த்துவிடுங்கள். குளிர்காலத் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, கண்ணாடியில் நீலமாக வரும்வரை அடியுங்கள். பின்கண்ணாடியிலும் வாஷர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள், அதன் ட்யூப் இன்னும் நீளம்.

அப்புறம், நல்ல திரவம்கூடக் கண்ணாடியில் பட்டதும் உறையலாம். அதை உறையாமல் வைத்திருக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், மிஞ்சும் தண்ணீர் ஐஸாகப் படியும். உள்ளிருந்து கண்ணாடி மேல் சூடான காற்றை அடிக்கும் டிஃப்ராஸ்ட்டைப் போட்டு, கண்ணாடி சூடான பிறகு அடியுங்கள்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், ஃப்யூஸோ பம்போ போய்விடும். சூடேற்றிய அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் சில மணி நேரம் விட்டால் தானாக இளகும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே வேண்டாம், விரிசல் விடும். இன்ஜின் கூலன்ட்டை இந்த டேங்கில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்து பார்வையை மறைக்கும்.

டிக்கியில் ஒரு முழு கேன் வைத்திருங்கள். சாலையில் உப்பு போட்ட நாளில் ஒரே நீண்ட பயணத்தில் டேங்க் காலியாகிவிடுவதுண்டு. மெத்தனால் விஷம் என்பதால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிச்சக் கேனை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.