பாதி விற்பனை யாருடையது? – கடிதம்

வணக்கம் சார்,

சென்னிமலையில் நாங்கள் கைத்தறிப் போர்வையும் பெட்ஷீட்டும் விற்கிறோம். அப்பா காலத்தில் கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வருடமாகச் சொந்த வெப்சைட்டில் நேரடி விற்பனை. போன வருடக் கடைசியில் அஃபிலியேட் திட்டம் ஆரம்பித்தோம். அதாவது, எங்கள் பொருளைப் பற்றிச் சொல்லி வாங்குகிறவரை அனுப்புகிறவருக்கு அந்த விற்பனையில் 8% கமிஷன். இதுவரை 240 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்டர் கொண்டுவருவது 11 பேர்தான். அதிலும் பாதிக்கு மேல், தள்ளுபடிக் கூப்பன்களைத் தொகுத்துப் போடும் ஒரே ஒரு கூப்பன் தளத்திலிருந்து வருகிறது. கமிஷனை 12% ஆக்கினால் மற்றவர்களும் சுறுசுறுப்பாவார்கள் என்கிறான் தம்பி. கூப்பன் தளத்துக்காரரும் 12% கேட்கிறார். தராவிட்டால் தன் தளத்திலிருந்து எங்கள் கடையைத் தூக்கிவிடுவாராம். கொடுக்கலாமா? இந்தத் திட்டத்தை எப்படி வளர்ப்பது?

பெயர் வேண்டாம்,
சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பாதி விற்பனை உண்மையில் கூப்பன் தளத்துக்காரர் கொண்டுவந்ததுதானா என்று பார்த்துவிடலாம்.

உங்கள் கடையில் ஒரு பெண் பொருள் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். யூடியூபில் யாரோ உங்கள் போர்வையைப் பற்றிப் பேசியதைப் பார்த்து, அந்த லிங்க் வழியாக வருகிறார். இரண்டு நாள் யோசித்து, திரும்ப வந்து, கார்ட்டில் போடுகிறார். பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் கோடு' என்று ஒரு காலிப் பெட்டி. அதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது அவருக்கும் தோன்றுகிறது. இன்னொரு பக்கத்தில் கூகுளைத் திறந்து உங்கள் கடைப் பெயரோடு 'கூப்பன்' என்று சேர்த்துத் தேடுகிறார். முதலில் வருவது அந்தத் தளம். அங்கே ஒரு கிளிக். அந்த நொடியில் யூடியூபரின் குக்கீ, அதாவது அவரை அனுப்பியது யார் என்று பிரவுசர் வைத்திருக்கும் சிறு குறிப்பு, அழிந்து கூப்பன் தளத்தின் குக்கீ உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலான திட்டங்களில் கடைசி கிளிக் யாருடையதோ அவருக்குத்தான் கமிஷன். வீடியோ எடுத்து, வெளிச்சம் பிடித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி அந்தப் பெண்ணை உங்களிடம் அனுப்பியவருக்கு ஒன்றுமில்லை.

ஈரோடு ஜவுளிச் சந்தையில் தரகு வாங்குபவர் வெளியூர் வியாபாரியைத் தேடிப் பிடித்துக் கடைக்கு அழைத்துவருகிறார். ஏற்கெனவே படியேறிக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்து 'நான்தான் கூட்டிவந்தேன்' என்றால் நீங்கள் தரகு கொடுப்பீர்களா?

இதை ரூபாயில் பார்த்தால்தான் உறைக்கும். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டு ஓர் உத்தேசக் கணக்கு. போர்வை 1,200 ரூபாய். நூல், கூலி, பேக்கிங் 760. கூரியர் 100. பணம் கட்டும் கேட்வேக்கு 2%, அதாவது 24. தானாக வந்து வாங்கினால் உங்கள் கையில் 316 நிற்கும். யூடியூபர் அனுப்பி 8% கொடுத்தால் 220. கூப்பனில் 10% தள்ளுபடி, அதற்கு மேல் 8% கமிஷன் என்றால் 112 ரூபாய்தான். அதையே 12% ஆக்கினால் 69. தானாக வாங்கவிருந்தவருக்காக 316 ரூபாயை 69 ஆக்கிக்கொள்வதற்கு எதற்குத் திட்டம்?

எல்லாக் கூப்பன் தளமும் மோசம் என்று சொல்லவில்லை. உங்களைக் கேள்விப்படாத புது ஆளை அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் சோதித்துப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி இரண்டும் இல்லாத சாதாரண நாட்களில் மூன்று வாரம் அந்தத் தளத்தின் கூப்பனை நிறுத்துங்கள். அந்த மூன்று வாரமும் அஃபிலியேட் டாஷ்போர்டைப் பார்க்காதீர்கள், அதில் விற்பனை விழுந்த மாதிரிதான் தெரியும். கடையின் மொத்த ஆர்டரைப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆன்லைன் கடைக்கு இந்த வேலையை நான் பார்த்துக்கொடுத்தபோது இதைத்தான் செய்தோம். மொத்த ஆர்டரில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. நாங்கள் இரண்டு வருடம் கொடுத்த கமிஷன் எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. கூடவே, கிளிக்குக்கும் ஆர்டருக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி ஆர்டர் கிளிக் ஆன ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தால், அந்த ஆட்கள் ஏற்கெனவே உங்கள் கடைக்குள்தான் நின்றிருக்கிறார்கள். அப்புறம் அந்தக் காலிப் பெட்டியை எல்லோருக்கும் காட்டாதீர்கள். 'கோடு இருக்கிறதா?' என்று சின்ன எழுத்தில் வைத்து, அதைத் தட்டுபவருக்கு மட்டும் திறக்கிற மாதிரி வைத்தால் போதும்.

பட்டியலில் முதலில் நிற்பவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க ஆன்லைன் விற்பனைத் தளமான இபே பட்டதே பெரிய பாடம். அவர்களுடைய திட்டத்தில் உச்சியில் இருந்த இருவர் ஷான் ஹோகன், பிரையன் டன்னிங். ஹோகனுக்கு மட்டும் இபே கொடுத்த கமிஷன் சுமார் 2.8 கோடி டாலர். எந்த விளம்பரத்தையும் யாரும் கிளிக் செய்யாமலே, சில பக்கங்களைப் பார்க்க வந்தவர்களின் கணினியில் ரகசியமாக இபே குக்கீயைப் போட்டுவைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த ஆட்கள் என்றைக்காவது தாங்களாகவே இபேக்குப் போய் எதையாவது வாங்கினால் இவர்களுக்குக் கமிஷன் விழும். 2008இல் இபே வழக்குப் போட்டது. பின்னால் அது குற்றவழக்காகி இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2014இல் ஹோகனுக்கு 5 மாதமும் டன்னிங்குக்கு 15 மாதமும் சிறை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படி நடந்திருக்கிறது. உங்கள் கூப்பன்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக யாரையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

சரி, வளர்ப்பது எப்படி? 240 பேர் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அதில் பெரும்பாலோர் கிடைக்கிற எல்லாத் திட்டத்திலும் பெயர் கொடுத்துவைப்பவர்கள். 12% ஆக்கினாலும் அவர்கள் எதுவும் எழுதப்போவதில்லை. கூப்பன் தளம் போக மிச்சமிருக்கும் பத்துப் பேர்தான் உங்கள் திட்டம். அவர்களுக்கு 12% கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கூப்பன் தளத்துக்கு 2%, அதுவும் முதல்முறை வாங்குகிற வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே விகிதம் வைப்பது நியாயம்போலத் தோன்றும். உழைப்பு ஒன்றல்ல என்னும்போது அது நியாயமே இல்லை.

இந்தப் பத்துப் பேரும் உங்கள் போர்வையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஆளுக்கு ஒன்று அனுப்புங்கள். நாலு தடவை துவைத்த பிறகு பேசச் சொல்லுங்கள். சாயம் போகிறதா, எந்தக் கட்டிலுக்கு எந்த அளவு, மில் துணிக்கும் இதற்கும் கையில் என்ன வித்தியாசம் தெரிகிறது என்றுதான் வாங்குகிறவர்கள் கேட்பார்கள். பேனர் படத்தால் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. ஒருநாள் தறிக்கூடத்துக்கு வரச்சொல்லி நெய்பவரோடு பேசவிடுங்கள். உங்களிடம் மட்டுமே இருப்பது அந்தத் தறிச் சத்தம்தான், அவர்கள் வீடியோவில் அது கேட்கட்டும். ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே ஒரு கூப்பன் கோடு கொடுங்கள். டிவியில் யூடியூப் பார்க்கிறவர் லிங்க்கைத் தட்டமாட்டார், காதில் விழுந்த கோடை நினைவு வைத்துக்கொண்டு போனில் அடிப்பார். அந்தக் கோடு யாருடையதோ அவருக்கே கமிஷன், கடைசி கிளிக் எதுவாக இருந்தாலும் சரி என்று விதியை மாற்றுங்கள். என் அனுபவத்தில் அஃபிலியேட்களின் நம்பிக்கையை இவ்வளவு சீக்கிரம் மீட்டுத்தந்த மாற்றம் வேறில்லை.

புது ஆட்களை உங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே தேடுங்கள். மூன்று முறைக்கு மேல் வாங்கியவர்களில் யாராவது வீட்டுக்குறிப்பு வீடியோ போடுவார்கள், இன்னொருவர் ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துவார். நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதைவிட இவர்களில் ஐந்து பேரிடம் போனில் பேசுவது மேல்.

பணம் கொடுக்கும் தேதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முன்பு சொன்ன அந்தக் கடையில் கரூர்ப் பக்கம் ஒரு அக்கா எங்களுக்காக மாதம் நாலு வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். நிறுவனம் மூன்று மாதம் அவருக்குப் பணம் தராமல் இழுத்தது. அவர் சண்டை போடவில்லை, பேசாமல் நிறுத்திக்கொண்டார். அந்த விற்பனை திரும்ப வரவேயில்லை. விகிதத்தைக் குறைப்பதும் அப்படித்தான். 1996இலேயே அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கிய அமேசான், 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே வார அவகாசத்தில் மேசை நாற்காலி, வீட்டுச் சீரமைப்புப் பொருட்களுக்கு 8% கமிஷனை 3% ஆகவும் மளிகைக்கு 5% என்பதை 1% ஆகவும் வெட்டியது. அவர்களை விட்டால் வேறு வழியில்லை என்பதால் பலர் பொறுத்துக்கொண்டார்கள். உங்களை விட்டுப் போக ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும்.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் வாங்காமல் திரும்பினால் கமிஷன் கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு கமிஷனை உறுதி செய்தால் சச்சரவு வராது. உங்கள் கடைப் பெயரில் அஃபிலியேட்கள் கூகுள் விளம்பரம் போடக்கூடாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கமிஷன் பெறுகிறேன் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போட முடியும், அது உங்களையும் சேரும். டிடிஎஸ் விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபோனின் சஃபாரியில் சிலவகைக் குக்கீகள் ஏழு நாளிலேயே அழிந்துவிடும். கிளிக் ஆன 30 நாளுக்குள் வாங்கினால் கமிஷன் என்று நீங்கள் வைத்திருந்தாலும் அவை அதுவரை நிற்காது. யார் அனுப்பிய ஆர்டர் என்பது சர்வரிலிருந்து நேரடியாகப் பதிவாகும்படி உங்கள் வெப்சைட்காரரை மாற்றித்தரச் சொல்லுங்கள்.

தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். இந்த வாரத்துக்குள் அந்தப் பத்துப் பேருக்கும் அவரே போன் செய்யட்டும். கமிஷனைப் பற்றிப் பேச வேண்டாம். பார்க்கிறவர்கள் போர்வையைப் பற்றி என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மூன்று வாரச் சோதனை முடிந்ததும் அந்தக் குறிப்பையும் மொத்த ஆர்டர் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்