நாடி இருக்கிறது என்பதற்காகக் காலை வரை காத்திருக்க வேண்டாம்

தம்பிக்கு நேற்று முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், வலி ஊசிக்கும் அடங்காமல் ஏறுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, "நாடி நன்றாக இருக்கிறது, காலையில் பார்க்கலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து காலை வரை விடாதீர்கள். பணியில் இருக்கும் மருத்துவரை இப்போதே கூப்பிடுங்கள்.

இது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே தசைகள் 4 உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை விரிந்துகொடுக்காது. உள்ளே வீக்கம் கூடக்கூட நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கித் தசை செத்துப்போகும். பெரிய தமனியில் மட்டும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நாடியை வைத்து நிம்மதி அடையக் கூடாது. நாடி நின்ற பிறகு பார்த்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மருத்துவர் கால்விரல்களை மெதுவாக வளைத்துப் பார்க்கட்டும். அப்போது கெண்டையில் உயிர்போகிற வலி வந்தால் அது முக்கியமான அறிகுறி. நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், தயங்காதீர்கள். மாவுக்கட்டை, தோல் தெரியும்வரை அவர்கள் முழுதாகப் பிரிக்க வேண்டும். காலைத் தலையணைமேல் உயர்த்தாதீர்கள், இதய மட்டத்திலேயே இருக்கட்டும். அப்புறம், அறுவை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் சொல்லும்வரை சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

உறைக்குள் உள்ள அழுத்தத்தை ஊசி செருகி அளப்பார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் அளக்காமலே உறையைக் கீறித் திறந்துவிடுவார்கள். சுமார் 6 மணி நேரம் ரத்தம் கிடைக்காவிட்டால் தசை மீளாது. அறுவைக்குப் பிறகு புண்ணைத் தைக்காமல் விட்டிருப்பார்கள், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வீக்கம் வடிந்ததும் சில நாளில் மூடுவார்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே சொல்லுங்கள், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும்.