செத்த செயற்கைக்கோளைப் பிடிக்கும் ரோபோ: என் மகள் என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூ படிக்கும் மகள், விண்வெளியில் பழுதான செயற்கைக்கோள்களை ரோபோ வைத்துச் சரிசெய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அதற்காகப் பெயரில் 'ஸ்பேஸ்' இருக்கும் கோர்ஸைத் தேடி ஓடாதீர்கள்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். 2020 பிப்ரவரி 25 அன்று எம்இவி-1 என்ற விண்கலம், எரிபொருள் தீரும் நிலையிலிருந்த இன்டெல்சாட் 901-ஐப் பிடித்தது. அந்தச் செயற்கைக்கோளில் பிடிப்பதற்கென்று எந்தக் கொக்கியும் கிடையாது. அதன் இன்ஜின் நாசிலுக்குள் (வாயு வெளியேறும் குழல்வாய்) ஒரு கம்பியை விட்டு, உள்ளே அதன் முனையை விரித்து, இழுத்து இறுக்கிக்கொண்டார்கள். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு அதைத் திருப்புவதும் நகர்த்துவதும் எம்இவி-1-இன் பொறுப்பு.

இன்டெல்சாட் உயிரோடு, ஆடாமல் நின்றதால் அது நடந்தது. செத்தது தறிகெட்டுச் சுழலும். ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் 8 டன் எடை. 2012 ஏப்ரலிலிருந்து பேச்சுமூச்சில்லை. விண்வெளியில் காலூன்றத் தரை இல்லாததால், ரோபோ கையை நீட்டினாலே ரோபோவின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும். விரல் மூடுவதற்குள் லேசாக இடித்துவிட்டால் இலக்கு விலகிப் போய்விடும். கை மட்டும் நன்றாக இருந்தும் பயனில்லை. ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் அனுப்பிய எல்சா-டி விண்கலம், 2021 ஆகஸ்டில் காந்தத்தால் இலக்கைப் பிடித்துக் காட்டியது. 2022 ஜனவரியில் அடுத்த சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், அதை நகர்த்தும் சிறு இன்ஜின்களான 8 த்ரஸ்டர்களில் 4 பழுது.

ஆக, இதில் மெக்கானிக்கல், இசிஇ, கணினி அறிவியல் என மூன்று துறைக்கும் இடம் இருக்கிறது. 2025-இல் இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு வெளியிட்ட பெரிய அறிவிப்பும் இந்த மூன்று துறைகளுக்குத்தான். தகுதி 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ. எங்கள் கருத்தில், கணிதத்தில் பிடிப்புள்ள பிள்ளைக்கு இசிஇ அல்லது மெக்கானிக்கல் எடுத்து, கன்ட்ரோல் சிஸ்டம்ஸை (இயந்திரத்தை நினைத்தபடி நிறுத்தவும் நகர்த்தவும் கற்றுத்தரும் பாடம்) ஆழமாகப் படிப்பதே நல்லது. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கவுன்சலிங் என்றால் 200-க்கான கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. அதில் கோட்டை விடக் கூடாது.

திறமை இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 செ.மீ. அட்டைப் பெட்டிக்குக் கசக்கிய அலுமினிய ஃபாயில் ஒட்டுங்கள். 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படியாகத் திரும்பும் மோட்டார்) ஒன்றை வாங்கி, பெட்டியின் எடை அதன் தண்டில் விழாமல் பேரிங் தட்டில் வைத்துச் சுழற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 2048 ஸ்டெப் என்பதால், நொடிக்கு 11 ஸ்டெப் கொடுத்தால் சுமார் 2 டிகிரி திரும்பும். இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்து, போன் கேமராவில் படமெடுத்து, பெட்டி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஓபன்சிவி என்ற பட ஆய்வு மென்பொருளில் கணிக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பு பளீரென்று மின்னி அடுத்த ஃப்ரேமில் மறையும், நிழல் பக்கம் கறுப்பாகப் போகும், புரோகிராம் தடுமாறும். மேலே வெப்பக்காப்பு உறை போர்த்திய செயற்கைக்கோளை நெருங்கும் கேமராவுக்கும் இதே தொல்லைதான். ஒரு மாதம் சலிக்காமல் இதோடு மல்லுக்கட்டுகிறாள் என்றால், தயங்காமல் அனுப்புங்கள்.

வாய்ப்பு இங்கேயே வளர்கிறது. 2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு செயற்கைக்கோள்களும் விண்ணில் இணைந்தன. அவற்றை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கடைசி அடுக்கையே சோதனை மேடையாக்கிய போயம்-4-இல், குப்பையைப் பிடித்துப் பழகும் ரோபோ கை ஒன்றும் போனது. ஆனால் அமெரிக்க நிறுவனங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். அங்குள்ள ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளால் வெளிநாட்டவருக்கு இந்தத் துறையில் வேலை கிடைப்பது மிகக் கடினம்.

பணியிடங்கள் குறைவு என்ற உங்கள் பயம் நியாயமானதே. அதற்காகத்தான் பொதுவான பிரிவை எடுக்கச் சொல்கிறோம். கன்ட்ரோலும் கம்ப்யூட்டர் விஷனும் (கேமரா படத்தைக் கணினி புரிந்துகொள்ளும் நுட்பம்) கைவந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளின் ரோபோ லைனிலும் வேலை உண்டு. கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும் முன் கல்லூரிக்கு நேரில் போய், கன்ட்ரோல் லேபில் மாணவர்கள் கையால் தொட்டு இயக்கும் கருவிகள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள்.