ஒத்த வரி எழுதுறதும் எழுத்துதானா?

அக்காவுக்கு வணக்கம்,

மார்த்தாண்டத்துல ஒரு மெடிக்கல் ஸ்டோர்ல வேலை பாக்கேன். கூட்டம் இல்லாத நேரம் போன்ல ஒத்த வரியா எழுதி வைப்பேன், மூணு வருஷமா இதே பழக்கம். கதை எழுத உக்காந்தா ரெண்டு பத்திக்கு மேல போகல. இதெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்கத்தான் ஆவும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுகாங்க. ரெண்டு வரி தாறேன், பாத்து சொல்லுங்க.

'வாழ்க்கை ஒரு பயணம், அன்புதான் அதுக்கு டிக்கெட்.'

'கல்ஃப்லேருந்து வந்தவனுக்கு முன்னாடி அவன் பெட்டி வீட்டுக்குள்ள போயிருது.'

ஒரு வரி எழுதுறதும் எழுத்துதானா அக்கா?

---

அன்புள்ள தம்பி,

எழுத்துதான். அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா எந்த வரின்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லணும்னா எங்க பாட்டிகிட்ட போகணும்.

பாட்டி ஊரு மணக்குடிப் பக்கம். சின்னதுல லீவுக்கு போனா சாயங்காலம் பாட்டிகூட தண்ணி எடுக்க மணலுக்கு போவோம், கடல் சத்தம் கேக்குற தூரம்தான், ஆனா அங்க நல்ல தண்ணி கெடைக்கும். பாட்டி கையாலயே மணல வாரி வாரி குழி எடுப்பா, மொதல்ல ஈரம் வரும் அப்புறம் கலங்கல் தண்ணி, அத சிரட்டையால கோரி வெளிய ஊத்திட்டு சும்மா உக்காந்திருப்பா, தெளிஞ்சு ஊறுனதுக்கு அப்புறம்தான் குடத்துல ஊத்துவா. நான் அவசரப்பட்டு ஆழமா தோண்டுனா கைய தட்டிவிடுவா. ஆழம் போனா உப்பு வந்துரும், அகலமா வாரு பிள்ளேம்பா. மழைத்தண்ணி கடல்தண்ணிய விட லேசு, அதனால அதுக்கு மேல மெதந்து நிக்குதுன்னு நான் படிச்சு தெரிஞ்சுகிட்டது ரொம்ப பின்னாடி.

'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு', 396-வது குறள், ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணுனதுதான். தோண்டுறதுன்னா ஆழம்னே நெனச்சுகிட்டு இருந்தேன். நாப்பது வயசுக்கு மேல ஒருநாள் திரும்ப படிக்கும்போது பாட்டி கை கண்ணுல வந்துட்டு, அப்படியே புக்க மூடி வச்சுட்டேன். வள்ளுவர் ஆழம்னு சொல்லவே இல்ல, தோண்டுன அளவுன்னுதான் சொல்லுகாரு. மொத்தமே ஏழு சீர், அதுக்குள்ள எங்க பாட்டியோட குழிக்கும் எடம் இருந்திருக்கு. ஒரு வரி முப்பது வருஷம் நம்மகூட சும்மா கெடந்து ஒருநாள் தொறக்குமே, அதுக்காகத்தான் நான் இந்த மாதிரி வரிகள படிக்கேன்.

ஜெர்மனில லிச்டென்பெர்க்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் இருந்தாரு, 1799-ல இறந்தவரு. வியாபாரிங்க வச்சிருக்க கச்சா கணக்கு நோட்டோட பேர தன்னோட நோட்டுகளுக்கு வச்சு, தோணுனதையெல்லாம் சின்னச்சின்னதா எழுதிகிட்டே இருந்தாரு, அவர் போனதுக்கு அப்புறம்தான் அதெல்லாம் புக்கா வந்துச்சு. நம்ம கோட்டார் கடைகள்ல சிட்டைன்னு சொல்லுவாங்கல்ல, வித்தது கொடுத்தது எல்லாத்தையும் வந்த வரிசைல கிறுக்கிட்டு அப்புறமா சரிபாத்து பேரேட்டுல ஏத்துறது, அதேதான். உங்க போன் உங்களுக்கு சிட்டை. அதுல என்ன வேணும்னாலும் எழுதுங்க தம்பி, வெக்கப்பட வேண்டாம், ஆனா சிட்டையில உள்ளதெல்லாம் பேரேட்டுக்கு போகாது.

டிக்கெட் வரி போகாது. அது நீங்க பாத்தது இல்ல, காதுல விழுந்தது. யாரு வேணும்னாலும் எழுதலாம், படிச்சவன் சரின்னு தலையாட்டிட்டு போயிருவான்.

பெட்டி வரி வேற. அத படிச்ச உடனே எனக்கு ஒரு வாசல் தெரிஞ்சுது, டாக்ஸி டிக்கிய தொறந்து நாலு பேரு பெட்டிய எறக்குகாங்க, வந்த ஆளு டிரைவருக்கு ரூபா எண்ணிக் கொடுத்துட்டு தெருவுலயே நிக்கான். நீங்க அவன் நிக்கதா எழுதல, ஆனா நான் பாத்தேன். இத எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு கதை வரலேன்னு நான் நம்ப மாட்டேன். பழமொழி நானூறுல முன்றுறை அரையனார் ஒவ்வொரு வெண்பாவுலயும் ஊர்ல பொழங்குன ஒரு பழமொழிய வச்சுத்தான் பாட்டு கட்டியிருக்காரு. ஒத்த வரியிலேருந்து ஒரு பாட்டு.

அந்தப் பெட்டி யாரு பெட்டி? உங்க அண்ணனா, அப்பாவா? அண்ணைக்கு வாசல்ல நீங்க எங்க நின்னீங்க, பெட்டிப் பக்கமா அவரு பக்கமா? அத மட்டும் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்க, கதையா வரணும்னு இல்ல.

அன்புடன்,
அக்கா